பெருநாள் விருந்து: பிறைக்கு முன்பே முடித்துவிடக்கூடிய வேலைகள்



பெருநாள் அன்று பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் வீட்டு அடுப்படி எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தொழுதுவிட்டு வந்த ஆண்கள் சாப்பிட்டாயிற்று. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் பெருநாள் காசை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். விருந்தாளிகள் திண்ணையில் வெற்றிலை போடுகிறார்கள். வீட்டு உம்மா மட்டும் இன்னும் சாப்பிடவில்லை. முந்தைய இரவு பிறை தெரிந்ததிலிருந்து நின்ற கால் உட்காரவில்லை. கடைசியில் அவர் உட்காரும்போது சோறு ஆறியிருக்கும், வட்டலப்பத்தில் ஓரம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

எங்கள் உம்மம்மா கடைசி வரை அப்படித்தான் இருந்தார். "நீங்க எல்லாரும் சாப்பிடுங்க, எனக்கு அப்புறம்" என்பதுதான் அவர் பெருநாள் பேச்சு. அவர் மவுத்தான பிறகு வந்த முதல் பெருநாளில்தான் இன்னொன்று தெரிந்தது. அவர் செய்த வட்டலப்பம் எங்களில் யாருக்கும் வரவில்லை. தேங்காய்ப்பால் எவ்வளவு, சீனி எவ்வளவு என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அளவு அவர் கையில் மட்டும் இருந்தது. அதனால்தான் வேலையும் அவர் கையிலேயே இருந்தது என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. எழுதாத பக்குவத்தை அடுத்தவரிடம் ஒப்படைக்க முடியாது. ஒப்படைக்க முடியாத வேலையைச் செய்பவர் சஹனில் உட்காரவும் முடியாது.

ஆகவே இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் திட்டத்துக்கு ஒரே அளவுகோல்தான். பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்காரும்போது சமைத்தவரும் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

பிறை என்ற சிக்கல்

மற்ற விருந்துகளுக்குத் தேதி தெரியும். நோன்புப் பெருநாளுக்குத் தெரியாது. ஹிஜ்ரி மாதம் 29 நாளாகவும் இருக்கலாம், 30 நாளாகவும் இருக்கலாம். 29ஆம் நோன்பு மாலை மஃரிபுக்குப் பிறகு, தலைமை காஜியின் அறிவிப்போ உங்கள் ஜமாஅத் ஏற்கும் அறிவிப்போ வந்த பிறகே நாளை பெருநாளா, இன்னொரு நோன்பா என்று உறுதியாகும். அறிவிப்பு வர இரவு எட்டு, ஒன்பது மணிகூட ஆகிவிடும். அதன் பிறகு கறிக்கடைக்கு ஓடினால் கூட்டமும் விலையும் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சிக்கலுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலையைப் பார்த்தும், "பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போனால் இது கெட்டுப்போகுமா?" என்று கேளுங்கள். கெடாது என்றால் பிறைக்கு முன்பே முடித்துவிடுங்கள். கெடும் என்றால் மட்டும் பிறைக்குப் பிறகு வையுங்கள். இப்படிப் பிரித்துப் பார்த்தால் பிறை இரவுக்கு மிஞ்சுவது இரண்டே வேலைதான். வட்டலப்பத்தை அவிப்பது ஒன்று, ஆணத்தை முக்கால் பதம் வேக வைப்பது ஒன்று.

இன்னொன்றும் கணக்கில் இருக்கட்டும். ரமளானின் கடைசிப் பத்து இரவுகள் இபாதத்துக்கு உரியவை. லைலத்துல் கத்ரை அந்தப் பத்தின் ஒற்றைப்படை இரவுகளில் தேடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். பல வீடுகளில் அந்த இரவுகள் பெண்களுக்கு மசாலா அரைப்பதிலும், பலகாரம் சுடுவதிலும், தையல்கடை அலைச்சலிலும் போய்விடுகின்றன. எனவே அரைக்கிற, பொடிக்கிற, வாங்குகிற வேலைகளை 20ஆம் நோன்புக்குள் முடிப்பதுதான் முறை.

முதல் இருபது நோன்புக்குள்

முதலில் தலையை எண்ணுங்கள். எத்தனை பெரியவர்கள், எத்தனை பிள்ளைகள், யார் காலைக்கு வருவார்கள், யார் பகலுக்கு? சம்பந்தி வீட்டாரிடம் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். இருபது பேர் என்று நினைத்திருக்கும்போது முப்பது பேர் வந்தால் கடைசியில் சாப்பிடுகிறவருக்குத்தான் இழப்பு, அவர் யார் என்று மேலேயே சொன்னேன்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் சஹன் கணக்கில் சொல்வார்கள். ஒரு சஹனைச் சுற்றி எத்தனை பேர் என்பது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் வீட்டுச் சஹனில் நிறைவாக எவ்வளவு சோறு கொள்கிறது என்று ஒருமுறை எடை போட்டு வைத்துக்கொண்டால் பிறகு எல்லாக் கணக்கும் எளிது. சஹன் இல்லாத வீடுகளுக்குப் பொதுவான கணக்கு இது: தலைக்கு 100 கிராம் ஜீரகச் சம்பா அரிசி, எலும்போடு 150 கிராம் ஆட்டுக்கறி. பிள்ளைகள் இருவரை ஒரு தலையாகப் பிடிக்கலாம். கோழிப் பொரியலும் வைத்தால் ஆட்டுக்கறியைக் கொஞ்சம் குறைக்கலாம்.

உணவுப் பட்டியலைச் சுருக்கமாக வையுங்கள். காலைக்குப் பேரீச்சம்பழம், வட்டலப்பம், இடியாப்பம். பகலுக்கு நெய்ச்சோறு, இறைச்சி ஆணம், தாளிச்சா, வெங்காயப் பச்சடி. இவ்வளவு போதும். பிரியாணி, நெய்ச்சோறு, பரோட்டா மூன்றும் ஒரே நாளில் வேண்டாம். ஏழெட்டு வகை வைத்தால் மேசை நிறையும், ஒவ்வொன்றிலும் பாதி மிஞ்சும். இடியாப்பத்தை நீங்களே பிழிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பல ஊர்களில் வீட்டில் பிழிந்து கொடுக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். பத்து நாள் முன்னதாகச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் பெருநாள் வருமானம் ஆகும்.

கறி மசாலாவை இந்த நாட்களிலேயே பொடித்துவிடலாம். எங்கள் வீட்டு அளவு: கொத்தமல்லி 500 கிராம், காய்ந்த மிளகாய் 250, சோம்பு 100, சீரகம் 50, மிளகு 25, விரலி மஞ்சள் 25. வெயிலில் ஒரு நாள் காயவைத்து, தனித்தனியாக லேசாக வறுத்து, நன்றாக ஆறவிட்டு மில்லில் கொடுத்து அரைக்க வேண்டும். அரைத்த பொடி சூடாக வரும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டிபிடிக்கும். தாளில் பரப்பி ஆறவிட்டு அடையுங்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காயை இதில் சேர்க்காமல் தனியாகப் பொடித்துச் சின்னப் புட்டியில் வைத்தால் வாசம் போகாது.

இஞ்சியும் பூண்டும் அரைத்து ஃப்ரீசரில் வைக்கலாம். நான் ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டுவிடுகிறேன். ஒரு கட்டி ஒரு மேசைக்கரண்டி. வெங்காயத்தைப் பொன்னிறமாகப் பொரித்து, எண்ணெய் வடித்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் மொறுமொறுப்பாகவே இருக்கும். பூண்டு உரிப்பதும் வெங்காயம் நறுக்குவதும் வீட்டு ஆண்பிள்ளைகள் தாராளமாகச் செய்யக்கூடிய வேலை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருந்தார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் இருக்கிறது. அதை மிம்பரில் கேட்டுவிட்டு வீட்டில் மறந்துவிடுகிறோம்.

அளவை எழுதும் நாள்

இதற்கென்று ஒரு நாளை ஒதுக்குங்கள். நோன்புக்கு முன்பே, ஷஅபானில் செய்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் நோன்பு நேரத்தில் சமைப்பவர் நாக்கின் நுனியில் உப்புப் பார்த்துத் துப்பிவிட மார்க்கத்தில் இடம் இருந்தாலும், பலர் அதற்குத் தயங்குவார்கள். எழுதிய அளவு இருந்தால் தயக்கமே வராது.

உம்மாவிடமோ மாமியிடமோ "எவ்வளவு உப்பு?" என்று கேட்டால் "கையளவு" என்பார்கள். "எவ்வளவு நேரம்?" என்றால் "வாசம் வரும்வரை". அவர்கள் மறைத்துச் சொல்லவில்லை. நாற்பது வருடம் செய்த கைக்கு வேறு மொழி கிடையாது. ஆகவே கேட்காதீர்கள், எடை போடுங்கள். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உப்பு ஜாடியைச் சமையலுக்கு முன்பும் பின்பும் தராசில் வைத்தால் எவ்வளவு போட்டார்கள் என்று தெரிந்துவிடும். மசாலா டப்பாவுக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் இதே வழிதான். அவர்கள் தம் வழக்கப்படி செய்யட்டும், நீங்கள் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டிருங்கள்.

படி, உழக்கு என்று சொன்னால் அதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். படி ஊருக்கு ஊர் மாறும். அவர்கள் கையில் இருக்கும் அந்தப் படியிலேயே அரிசியை அளந்து எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பாத்திரம், எந்த அடுப்பு, தீ எப்போது குறைந்தது, மூடியை எப்போது திறந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். வாசம் வந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். ஒரு மாலை நேரம் செலவாகும். பெற்றவர் இருக்கும்போது மட்டும்தான் அந்த மாலை கிடைக்கும்.

ஃபித்ரா

விருந்துத் திட்டத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். ஃபித்ரா பெருநாள் தொழுகைக்கு முன் சேர்ந்துவிட வேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் பெருநாள் ஃபஜ்ருக்குப் பிறகு அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்குகிற வீட்டின் அடுப்பு எப்போது எரியும்? நாம் பதினைந்து நாள் முன்பே அரிசி வாங்கித் திட்டம் போடுகிறோம். அந்த வீட்டு உம்மாவுக்கும் முதல் நாளாவது திட்டம் போட வேண்டுமே. ஷாஃபி மத்ஹபிலும் ஹனஃபி மத்ஹபிலும் முன்கூட்டிக் கொடுக்க இடம் இருக்கிறது. உங்கள் ஜமாஅத் வசூலித்துப் பிரிக்கிறது என்றால் கடைசி நாள் வரை காத்திருக்காமல் கொடுத்துவிடுங்கள். அரிசியோடு ஒரு கிலோ கறிக்கான காசையும் சதக்காவாக வைத்தால் அங்கேயும் ஆணம் கொதிக்கும்.

27, 28, 29ஆம் நோன்பு

கறியை 27 அல்லது 28ஆம் நோன்புக் காலையில் வாங்கிவிடுங்கள். தொடை, விலா, கொஞ்சம் நெஞ்செலும்பு கலந்து கேளுங்கள். தாளிச்சாவுக்கு எலும்பு தனியாக. வீட்டுக்கு வந்ததும் கழுவி, நீரை நன்றாக வடித்து, ஒரு கிலோ பைகளாகக் கட்டி, பையைத் தட்டையாக அழுத்தி ஃப்ரீசரில் வையுங்கள். மூன்று கிலோவையும் ஒரே உருண்டையாக உறையவைத்தால் உள்ளே பனி விட ஒரு நாளுக்கு மேல் ஆகும். தட்டையான பை ஓர் இரவுக்குள் விட்டுவிடும்.

29ஆம் நோன்பு அன்று ஃபஜ்ருக்குப் பிறகு பைகளை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு தட்டின் மேல் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் கறி நீர் சொட்டிக் கீழே இருக்கும் பழத்திலும் பாலிலும் படும். வெளியே வைத்துப் பனி விடவைக்கக் கூடாது. நம் ஊர் வெப்பத்தில் உள்ளே பனி விடுவதற்குள் மேல்பகுதி கெடத் தொடங்கிவிடும். மாலை பிறை தெரிந்தால் கறி சமைக்கத் தயார். தெரியாவிட்டாலும் நஷ்டம் இல்லை, ஃப்ரிட்ஜிலேயே பனி விட்ட கறி இன்னொரு நாள் தாங்கும்.

தேங்காய், தக்காளி, மல்லி, புதினா எல்லாம் 29ஆம் நோன்புக் காலையில். தேங்காயை உடைக்க வேண்டாம், முழுசாக இருக்கட்டும். மாங்காய் கிடைக்குமா என்று முன்பே விசாரியுங்கள். பெருநாள் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகிறது. மாங்காய்க் காலத்தில் வந்த பெருநாள் இப்போது அதற்கு முன்னே போய்க்கொண்டிருக்கிறது. கிடைக்காத வருடம் தாளிச்சாவுக்குப் புளியைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பிறை இரவு: வட்டலப்பம்

அறிவிப்பு வந்ததும் முதல் வேலை இது. இரவு செய்து குளிரவைத்தால்தான் காலையில் வில்லை போட வரும்.

பத்துப் பேருக்குக் கோழி முட்டை 10, சீனி 350 கிராம், தேங்காய் முதல் பால் 450 மில்லி, முந்திரி 50 கிராம், ஏலக்காய் 6, ஒரு சிட்டிகை உப்பு. இலங்கையில் சீனிக்குப் பதிலாகக் கித்துல் வெல்லம் போடுவார்கள், நிறம் கறுப்பாக வரும். கருப்பட்டி போட விரும்பினால் துளி நீரில் காய்ச்சி, வடிகட்டி, முழுவதும் ஆறிய பிறகு சேருங்கள். சூடாக ஊற்றினால் முட்டை திரிந்துவிடும்.

பால் எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய தேங்காய் இரண்டைத் துருவி, அரை தம்ளர் வெந்நீர் மட்டும் விட்டு அரைத்து, துணியில் இட்டுப் பிழிய வேண்டும். 450 மில்லிக்குக் குறைந்தால் இன்னும் கொஞ்சம் நீர் தெளித்து அரைக்கலாம். ஆனால் இரண்டாம் பாலை ஊற்றி அளவை நிரப்பினால் வட்டலப்பம் தளதளவென்று நீர் விட்டுக்கொண்டே இருக்கும். முந்திரியைப் பாலில் சிறிது விட்டு நைசாக அரைத்துக்கொள்ளுங்கள்.

முட்டையை ஒவ்வொன்றாகச் சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேருங்கள். பத்தாவது முட்டை கெட்டதாக இருந்து ஒன்பதையும் கொட்டிய அனுபவம் எனக்கு உண்டு. நுரை பொங்க அடிக்க வேண்டாம், மஞ்சளும் வெள்ளையும் கலந்தால் போதும். சீனி, பால், முந்திரி விழுது, ஏலப்பொடி, உப்பு சேர்த்துச் சீனி கரையும்வரை கலக்கி, துணியில் ஒருமுறை வடித்து, நெய் தடவிய பாத்திரத்தில் முக்கால் அளவுக்கு ஊற்றுங்கள். நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். பாத்திரத்தைத் தட்டால் மூடி, நீர் கொதிக்கும் இட்லிச் சட்டியில் வைத்து, தீயைக் குறைத்து 40 முதல் 45 நிமிடம். மேல்மூடிக்கு ஒரு துணி கட்டினால் ஆவி நீர் சொட்டாது. தீ கூடினால் உள்ளே ஓட்டை ஓட்டையாகப் பஞ்சு போல் ஆகிவிடும். நடுவில் கத்தி விட்டுப் பார்த்துச் சுத்தமாக வந்தால் இறக்குங்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜில்.

இருபது பேர் என்றால் ஒரே பெரிய பாத்திரத்தில் ஊற்றாமல் இரண்டாகப் பிரியுங்கள். ஆழம் கூடினால் ஓரம் வெந்து நடு வேகாமல் நிற்கும். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்குச் சீனி குறைத்துச் சின்னக் கிண்ணத்தில் தனியாக அவித்துவிடலாம், அவர்களும் பெருநாளில் வெறும் கையாக இருக்க வேண்டாம்.

பிறை இரவு: ஆணம்

வட்டலப்பம் அவியும்போதே பக்கத்து அடுப்பில் ஆணத்தை ஏற்றிவிடலாம். ஒரு ராத்திரி நின்ற கறி ஆணம் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மசாலா கறிக்குள் இறங்கிவிடும். ஆனால் தேங்காய் சேர்த்த ஆணத்துக்கு இது பொருந்தாது, அது சீக்கிரம் புளித்துவிடும். எனவே இரவில் தேங்காய்க்கு முன்பு வரை, காலையில் தேங்காய்.

பத்துப் பேருக்கு ஒன்றரைக் கிலோ கறி. எண்ணெய் 100 மில்லி காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலம், ஒரு துண்டு ரம்பை இலை, 300 கிராம் வெங்காயம் போட்டு வதக்கி, இஞ்சி பூண்டு விழுது நாலு மேசைக்கரண்டி சேர்த்துப் பச்சை வாசம் போனதும் தக்காளி 250 கிராம். குழைந்தபின் கறி மசாலா நாலு மேசைக்கரண்டி. மசாலா அடி பிடிக்காமல் எண்ணெய் கக்கும்வரை கிளற வேண்டும், இங்கே அவசரப்பட்டால் ஆணம் முழுக்கப் பொடி வாசம் அடிக்கும். பிறகு கறி, 100 மில்லி தயிர், உப்பு. கறி தன் நீரை விட்டு வற்றியதும் இரண்டு தம்ளர் வெந்நீர் விட்டுக் குக்கரில் நாலு விசில், இளங்கறி என்றால் மூன்று. முக்கால் பதம் வெந்திருந்தால் போதும், மீதி காலையில் வேகும்.

இறக்கியதும் குக்கரோடு மூடி வைக்காதீர்கள். பெரிய பாத்திரத்துக் குழம்பு விடியும்வரை உள்ளே சூடாகவே இருக்கும், கெடுவதற்கு அதுதான் வழி. அகலமான இரண்டு தட்டில் மாற்றி, தட்டைத் தண்ணீரில் நிறுத்தி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் மேலே கொழுப்பு கட்டியிருக்கும். வேண்டிய அளவு எடுத்துவிட்டுக் கொதிக்கவைத்து, உருளைக்கிழங்கு போட்டு, அது வெந்ததும் அரை மூடித் தேங்காய், 15 முந்திரி, ஒரு தேக்கரண்டி கசகசா அரைத்த விழுதை விட்டுப் பத்து நிமிடம் கொதித்தால் முடிந்தது.

பெருநாள் காலை

நோன்புப் பெருநாளில் தொழுகைக்குப் புறப்படும் முன் ஒற்றைப்படையாகப் பேரீச்சம்பழம் உண்பது நபிவழி. அதோடு வட்டலப்பம் ஒரு வில்லையும் இடியாப்பமும் இருந்தால் பகல் வரை பிள்ளைகள் பசி என்று அடுப்படிக்குள் வர மாட்டார்கள். பெருநாள் தொழுகைக்குப் பெண்களும் வரட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவியதை உம்மு அதிய்யா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் பெண்கள் திடலுக்கோ பள்ளிக்கோ போகும் வழக்கம் இருந்தால், வெங்காயம் நறுக்க வேண்டும் என்பதற்காக யாரும் வீட்டில் தங்கிவிட வேண்டாம். அடுப்பை ஏற்றுவது தொழுதுவிட்டு வந்த பிறகுதான்.

வந்ததும் முதலில் தாளிச்சா. பத்துப் பேருக்குத் துவரம்பருப்பு 150 கிராம், கடலைப்பருப்பு 100, எலும்பு அரைக் கிலோ. மூன்றையும் மஞ்சளோடு குக்கரில் வேகவைத்து, கத்தரிக்காய், மாங்காய், சுரைக்காய், மசாலா இரண்டு தேக்கரண்டி சேர்த்துக் காய் வெந்த பிறகே புளிக்கரைசல். புளியை முன்பே விட்டால் பருப்பும் காயும் இறுகிவிடும். தாளிப்பு கறிவேப்பிலை, வெங்காயம், ஒரு துண்டு பட்டை.

நெய்ச்சோறு கடைசியில். அதை முன்கூட்டிச் செய்ய முடியாது, சாப்பிட உட்காருவதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் தொடங்க வேண்டும். ஒரு கிலோ ஜீரகச் சம்பாவை இருமுறை கழுவி 20 நிமிடம் ஊறவைத்து வடித்துவிடுங்கள். அதிக நேரம் ஊறினால் கிண்டும்போது ஒடிந்துபோகும். தேக்சாவில் நெய் 100 கிராம், எண்ணெய் 50 மில்லி. பட்டை, கிராம்பு, ஏலம், ரம்பை, வெங்காயம் 150 கிராம், இஞ்சி பூண்டு இரண்டு மேசைக்கரண்டி, ஒரு கைப்பிடி புதினா. பிறகு அளந்த நீர். ஊறவைக்கும் முன் அரிசியைத் தம்ளரால் அளந்திருப்பீர்கள், ஒரு தம்ளருக்கு ஒன்றே முக்கால் தம்ளர். அதில் கால் பங்கு தேங்காய்ப்பாலாக இருக்கலாம். புது அரிசி என்றால் ஒன்றரை போதும். உப்பு மட்டமாக இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக. கொதிக்கும் நீரைச் சுவைத்துப் பாருங்கள், ஒரு மடங்கு உப்புத் தூக்கலாக இருந்தால்தான் சோற்றில் சரியாக இருக்கும்.

அரிசியைப் போட்டு, நீர் அரிசி மட்டத்துக்கு வற்றும்வரை நல்ல தீ. வற்றியதும் தீயைக் குறைத்து, அடியில் தோசைக்கல் வைத்து, மூடியின் மேல் கனம் ஏற்றி 15 நிமிடம் தம். அணைத்த பிறகும் பத்து நிமிடம் திறக்கக் கூடாது. அந்தப் பத்து நிமிடம்தான் பச்சடி நேரம். வெங்காயத்துக்கு உப்பை முன்பே போட்டால் தயிர் நீர்த்துப்போகும்.

எல்லாவற்றையும் இரு மடங்காக்கும்போது நீரையும் உப்பையும் காரத்தையும் அப்படியே இரு மடங்காக்க வேண்டாம். பெரிய தேக்சாவில் ஆவியாகும் நீர் குறைவு. இரண்டு கிலோ அரிசியை ஒரே பாத்திரத்தில் ஏற்றினால் மொத்த நீரில் ஒரு தம்ளரைக் குறையுங்கள். பழக்கம் இல்லாதவர்கள் ஒரு கிலோ ஒரு கிலோவாக இரண்டு பாத்திரத்தில் வைப்பதே நல்லது. ஒன்று குழைந்தாலும் மற்றது காப்பாற்றும்.

இந்த வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். தாளிச்சா மருமகளுக்கு, தேங்காய் துருவுவது காக்காவுக்கு, விரிப்பு விரித்துச் சஹன் வைப்பது பிள்ளைகளுக்கு, பாத்திரம் கழுவுவது தம்பிமார்களுக்கு. உம்மாவின் பெயருக்கு எதிரே நெய்ச்சோற்றின் தம் மட்டும். பரிமாறுவதற்கும் ஆள் வேண்டாம், சோறும் ஆணமும் நடுவில் வைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாகவே உட்காருங்கள்.

மிஞ்சினால்

சாப்பாடு முடிந்த கையோடு மிஞ்சியதைப் பிரிக்க வேண்டும், தூங்கி எழுந்து அல்ல. வெந்த சோற்றில் வேக்காட்டுக்கும் சாகாத கிருமி விதைகள் இருக்கும். சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி விடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. பெருநாள் இரவில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு மணி நேரத்துக்குள் சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். பக்கத்து வீட்டுக்கு, முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாருக்கும், கொடுப்பதானால் மிஞ்சியதைக் கொடுக்காமல், சாப்பிட உட்காரும் முன்பே தூக்குச்சட்டியில் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இதே திட்டத்தில் சில மாற்றம். துல்ஹஜ் பிறையிலேயே தேதி தெரிந்துவிடுவதால் பத்து நாள் கையில் இருக்கிறது. அன்று தொழுதுவிட்டு வந்துதான் சாப்பாடு, குர்பானிக் கறியும் அதற்குப் பிறகுதான் வரும். அறுத்த பிறகு கறி விறைத்துவிடும், ஃப்ரிட்ஜில் நின்றால்தான் மெதுவாகும். எனவே பகலுக்கு ஈரலை மிளகு போட்டுப் பொரித்துக்கொண்டு, பெரிய விருந்தை இரவுக்கு வையுங்கள். பகல் முழுவதும் கறியைப் பங்கு போட்டு ஏழைகளுக்கும் சொந்தங்களுக்கும் அனுப்ப நேரமும் கிடைக்கும்.

நோன்புப் பெருநாள் இரவு படுக்கும் முன் அந்த நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எது எவ்வளவு மிஞ்சியது, எது போதாமல் போனது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் இரண்டு மாதமும் ஒன்பது நாளும்தான் இருக்கும்.